கடன்சிறையும் நகைச்சித்திரமும்

(வில்லியம் ஹோகார்த் : 1697 – 1764)

மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியர் நகையை முதலில் நிறுத்தினார். அது தோன்றும் நிலைக்களங்களுள் எள்ளலையும் பேதைமையையும் வைத்தார். செய்யுளுக்கு இலக்கணம் கூறுமிடத்து அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாக வைவது ஒன்று. வசையை உள்ளே பொதிந்து வைப்பது மற்றொன்று. சொல்லுக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு கோட்டுக்கும் வண்ணத்துக்கும் பொருந்தும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த ஓவியர் வில்லியம் ஹோகார்த் சான்றாவார்.

அவர் நகைக்கு எடுத்துக்கொண்ட பொருள்கள் பல. அவற்றுள் அவரை வாழ்நாள் முழுதும் விடாது தொடர்ந்த பொருள் கடன். கடனைப் பிறப்பிக்கும் ஆசை, கடனைத் தண்டும் சட்டம், கடன்பட்டவனை அடைக்கும் சிறை, நொடித்துப்போன வணிகனின் உடைமையைப் பங்கிடும் ஆணை ஆகிய அனைத்தும் அவர் படங்களில் இடம்பெற்றன. தமிழில் கடன் என்னும் சொல் திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். ஹோகார்த்தின் வாழ்வில் இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கலந்தன. தந்தை பட்ட கடன், மகனுக்குக் கலைக்கடன் ஆயிற்று.

ஏட்டறிவாளரின் கடன்

ஹோகார்த் 1697 நவம்பர் 10 அன்று, இலண்டன் ஸ்மித்ஃபீல்டுச் சந்தையை அடுத்த பார்த்தலோமியூ குளோஸ் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை ரிச்சர்டு ஹோகார்த் வடக்கே வெஸ்ட்மார்லாந்திலிருந்து பிழைப்பு நாடித் தலைநகருக்கு வந்தவர், இலத்தீன் கற்பித்த ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். பெரியதோர் இலத்தீன் அகராதியைத் தொகுத்து முடித்தால் வாழ்வு மலரும் என்று நம்பியவர்.

கற்பிப்பதில் கிடைத்த வருவாய் போதவில்லை. 1704ஆம் ஆண்டளவில் அவர் செயின்ட் ஜான்ஸ் கேட் என்னுமிடத்தில் காப்பிக்கடை ஒன்றைத் தொடங்கினார். அங்கே கூடுவோர் இலத்தீன் மொழியில் உரையாடலாம் என்பது அக்கடையின் சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது. காப்பி அருந்த வருவோர் விலைவாசியையும் அரசியலையும் பேசத் தம் தாய்மொழியையே நாடுவர் என்னும் எளிய உண்மையை அந்த ஏட்டறிவாளர் எண்ணிப் பார்க்கவில்லை. நகைப்புக்குரிய இம்முயற்சி சில ஆண்டுகளில் துயரத்தில் முடிந்தது. கடை நொடித்தது. கடன் கொடுத்தோர் வழக்காட, ரிச்சர்டு ஹோகார்த் ஃபிளீட் சிறைக்குச் சென்றார்.

அப்போது வில்லியம் பத்து வயதை ஒட்டிய சிறுவன். ஃபிளீட் சிறைக்கென ஒரு தனி வழக்கம் இருந்தது. கட்டணமும் பிணையும் தர இயன்ற கடன்கைதிகள் மதிலுக்கு வெளியே, சிறையைச் சூழ்ந்த குறிப்பிட்ட தெருக்களின் எல்லைக்குள் குடும்பத்துடன் வாழலாம், எல்லையைத் தாண்டலாகாது. ஹோகார்த் குடும்பம் அவ்வெல்லைக்குள் குடியிருந்தது. தாய் ஆன், குழந்தைகளின் வயிற்று வலிக்கான களிம்பு செய்து விற்றார். நொடித்த கடன்பட்டோர்க்கு விடுதலை தரும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் 1712இல் இயற்றியபோது தந்தை விடுதலை பெற்றார். ஆனால் உடலும் உள்ளமும் தேறவில்லை. அகராதி அச்சேறவில்லை. 1718இல் அவர் காலமானார்.

பிற்காலத்தில் ஹோகார்த் தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதினார். புத்தக வணிகரும் பெரிய மனிதரும் வாக்குக் கொடுத்துக் கைவிட்டமையால் தந்தையின் ஆயுள் குறைந்தது என்று அவற்றில் பதிவு செய்தார். சிறையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுத்தில் மறைத்த அச்சிறையை ஓவியத்தில் அவர் மறைக்கவில்லை.

இரு சட்டங்கள்

ஹோகார்த்தின் நகையைப் புரிந்துகொள்ள அக்கால ஆங்கிலச் சட்டத்தின் இரட்டை வழியைச் சிறிது அறிதல் வேண்டும். பொருள் நொடித்தவர் இருவகையினராகப் பிரிக்கப்பட்டனர்.

ஒருவகையினர் வணிகர். இவர்களுக்கென 1542 முதல் நொடிப்புச் சட்டம் இருந்தது. 1571இல் அது வணிகர்க்கு மட்டுமே உரியது என வரையறுக்கப்பட்டது. கடன் கொடுத்தோர் விண்ணப்பிக்க, நாட்டின் பேரிலச்சினையின் கீழ் நொடிப்பு ஆணை பிறக்கும். ஆணையர்கள் வணிகனின் உடைமைகளைத் திரட்டி, கடன் கொடுத்தோர்க்கு விகிதப்படி பங்கிடுவர். 1706ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதுமையைச் சேர்த்தது. எதையும் மறைக்காமல் ஒப்படைத்த வணிகன் எஞ்சிய கடனிலிருந்து விடுபட்டுப் புதுவாழ்வு தொடங்கலாம். அதே சட்டம் மறுகையில் தூக்குக்கயிற்றையும் ஏந்தி நின்றது. உடைமையை வஞ்சகமாக மறைத்தவனுக்கு மரண தண்டனை. ஜான் பெரட் என்னும் துணி வணிகர் இக்குற்றத்துக்காக 1761இல், ஹோகார்த் பிறந்த ஸ்மித்ஃபீல்டுப் பகுதியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

மற்றொரு வகையினர் வணிகர் அல்லாதார். ஆசிரியர், புலவர், ஓவியர், உழவர், நிலக்கிழார் முதலானோர்க்கு நொடிப்புச் சட்டத்தின் வாயில் திறக்கவில்லை. கடன் கொடுத்தவர் வழக்கில் வென்றால் இவர்களின் உடைமையைக் கைப்பற்றலாம். அல்லது உடலைப் பிடித்துச் சிறையில் வைக்கலாம். உடலைத் தேர்ந்தால், அவ்வுடல் சிறையில் இருக்கும்வரை உடைமையின்மேல் கை வைத்தல் ஆகாது. ஈட்ட வழியின்றி அடைபட்டவன் கடனை எவ்வாறு தீர்ப்பான் என்னும் வினாவுக்குச் சட்டத்திடம் விடை இல்லை. சிறைக்குள் உணவுக்கும் படுக்கைக்கும் காவலர்க்கும் அவனே பணம் தர வேண்டும். ஒரு கடனுக்காகச் சென்றவன் பல கடன்களோடு இருப்பான்.

வணிகன் மஞ்சள் கடிதாசி கொடுத்து மீளலாம். புலவன் மீள இயலாது. இம்முரண்பாடே நகையின் விளைநிலம். கடன்பட்டவனிடம் பேதைமை உண்டு. அவனை அடைக்கும் சட்டத்திடம் அதனினும் பெரிய பேதைமை உண்டு. ஹோகார்த் இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்தார்.

சுழலும் இராட்டினம்

தந்தையின் நிலையைக் கண்ட மகன் ஏட்டுக்கல்வியில் நம்பிக்கை கொள்ளவில்லை. 1714ஆம் ஆண்டளவில் எல்லிஸ் கேம்பிள் என்னும் வெள்ளிப்பொருள் செதுக்கரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். கிண்ணங்களிலும் தட்டுகளிலும் பிரபுக் குடும்பங்களின் குலச்சின்னங்களைப் பொறிப்பது அவர் பணி. பயிற்சிக் காலம் முற்றுப்பெறுமுன் விலகி, 1720இல் செப்புத்தகடு செதுக்குபவராகத் தனித்தொழில் தொடங்கினார்.

அதே ஆண்டில் தென்கடல் வணிகக் குழுமத்தின் பங்குகள் வானளாவ உயர்ந்து வீழ்ந்தன. பிரபுக்களும் கைம்பெண்களும் ஊழியரும் ஒருங்கே அழிந்தனர். 1721இல் ஹோகார்த் அதனை ஒரு படமாக்கினார். நடுவே பெரியதோர் இராட்டினம். அதிலேறிச் சுழலும் பலதரப்பட்ட மக்கள். ஒருபுறம் நேர்மை என்னும் பெண் சக்கரத்தில் கட்டப்பட்டு நொறுக்கப்படுகிறாள். இலண்டன் பெருந்தீயின் நினைவுத்தூணைப் போன்ற ஒரு தூணும் படத்தில் உண்டு. நகரத்தை இம்முறை அழித்தது தென்கடல் என்று அதன் கல்வெட்டு அறிவிக்கிறது.

இது செம்பொருள் அங்கதம். இளைஞரின் சினம் இதில் மறைவின்றி நிற்கிறது. குறியீடுகள் நெருக்கியடித்து நிற்பதால் படம் சற்று மூச்சுத் திணறுகிறது. மனித முகங்களின்வழி கதை சொல்லும் கலை அவர்க்கு இன்னும் கைவரவில்லை.

சிறைக்குள் வந்த குழு

1728இல் ராபர்ட் காஸ்டெல் என்னும் கட்டடக்கலைஞர் கடனுக்காக ஃபிளீட் சிறையில் அடைபட்டார். பண்டைய உரோமர்களின் மாளிகைகளைப் பற்றி அழகிய நூலொன்றை அவ்வாண்டிலேயே வெளியிட்டவர் அவர். சிறைக்காவலர் தாமஸ் பாம்பிரிட்ஜ் கேட்ட கட்டணத்தைத் தர இயலாமையால், பெரியம்மை பரவியிருந்த காவல் விடுதி ஒன்றில் காஸ்டெல் தங்கவைக்கப்பட்டார். அந்நோய் கண்டு அங்கேயே இறந்தார். சிறைக்காவலர் பதவியே விலைக்கு வாங்கப்பட்டது என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. அதற்கு முன் இருந்தவரிடம் 5,000 பவுன் விலை பேசிப் பாம்பிரிட்ஜும் அவர் கூட்டாளியும் அப்பதவியைப் பெற்றிருந்தனர். போட்ட முதலைக் கைதிகளிடமிருந்து எடுத்தாக வேண்டும். நொடித்தவர்களைக் கொண்டு நடந்த வணிகம் அது.

காஸ்டெலின் நண்பரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜேம்ஸ் ஓகில்தார்ப் வெகுண்டெழுந்தார். அவர் தலைமையில் 1729இல் சிறைகளை ஆராயும் குழு அமைந்தது. அக்குழுவின் விசாரணையை ஹோகார்த் வண்ண ஓவியமாக்கினார். உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். இரும்பு விலங்குகள் சான்றாக முன்னிற்கின்றன. கந்தை உடுத்த கைதி ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். அதிகாரம் செலுத்திப் பழகிய காவலர், கேள்விக்கு உள்ளாகும்போது கொள்ளும் அச்சம் ஓவியத்தில் உறைந்துள்ளது. இவ்வோவியம் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ளது.

தந்தை அடைபட்ட சிறையின் கொடுமையைத் தூரிகையால் பதிவு செய்யும் வாய்ப்பு மகனுக்குக் கிட்டியது. ஆனால் நீதி முழுமையாகக் கிட்டவில்லை. காஸ்டெலைக் கொன்றதாகத் தொடரப்பட்ட வழக்கில் பாம்பிரிட்ஜ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. அக்குழுவில் அரசவை ஓவியர் சர் ஜேம்ஸ் தார்ன்ஹில்லும் ஓர் உறுப்பினர். அவர் மகள் ஜேனை அதே 1729ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹோகார்த் பெற்றோர் இசைவின்றி மணந்தார்.

எட்டுப் படங்களில் ஒரு வாழ்வு

1732இல் வெளியான 'விலைமகளின் வாழ்க்கைப் பாதை' என்னும் ஆறு படங்கள் ஹோகார்த்துக்குப் புகழையும் பொருளையும் தந்தன. அடுத்து அவர் எடுத்துக்கொண்டது 'ஊதாரியின் வாழ்க்கைப் பாதை'. கடன் சட்டத்தை நகைக்கு உட்படுத்திய ஓவியங்களுள் இதற்கு இணையானது அரிது.

கருமியான தந்தை இறக்க, மகன் டாம் ரேக்வெல் செல்வத்துக்கு வாரிசாகிறான். அழகுக்கலை ஆசான்களும் துதிபாடிகளும் சூழ்கின்றனர். நான்காம் படத்தில், பல்லக்கில் அரண்மனை நோக்கிச் செல்லும் அவனை அமீனாக்கள் வழிமறித்துப் பற்றாணையை நீட்டுகின்றனர். அந்நேரம் பார்த்துத் தெருவிளக்குக்கு எண்ணெய் வார்ப்பவன் கைதவறி அவன் தலைமேல் எண்ணெயைச் சிந்துகிறான். அரசர்க்குத் தலையில் எண்ணெய் வார்த்து முடிசூட்டும் மரபை நினைவூட்டும் காட்சி இது. அரசவைக்குச் செல்ல விழைந்தவனுக்குத் தெருவிலேயே முடிசூட்டு நிகழ்கிறது. அவனால் கைவிடப்பட்ட சாரா யங் என்னும் ஏழைப்பெண் தன் பணப்பையை நீட்டி அவனை மீட்கிறாள்.

மீண்டவன் திருந்தவில்லை. ஒற்றைக்கண் முதியவளை அவள் பணத்துக்காக மணக்கிறான். அப்பணத்தையும் சூதாட்டக் களத்தில் தோற்கிறான். ஏழாம் படத்தில் ஃபிளீட் சிறைக்கு வந்து சேர்கிறான்.

இச்சிறைக் காட்சியே தொகுதியின் உயிர்நிலை எனலாம். டாம் பணம் பண்ணும் வழியாக ஒரு நாடகம் எழுதியிருக்கிறான். அரங்க உரிமையாளர் அதனை மறுத்து அனுப்பிய கடிதம் மேசைமேல் கிடக்கிறது. காவலன் கணக்கேட்டைக் காட்டிக் கட்டணம் கேட்கிறான். மதுக் கொணர்ந்த சிறுவன் காசு பெறாமல் குவளையைத் தர மறுக்கிறான். மனைவி வைகிறாள், சாரா மயங்கிக் கிடக்கிறாள். பின்னே ஒருவன் உலையேற்றிப் பொன் செய்ய முயல்கிறான். கட்டிலின் மேற்கட்டின்மேல் யாரோ பறந்து தப்பச் செய்து வைத்த சிறகுகள் கிடக்கின்றன. தாடி வளர்ந்த கைதி ஒருவன் கையிலிருந்து தாள் ஒன்று நழுவுகிறது. அது நாட்டின் கடனை அடைப்பதற்கு அவன் வகுத்த திட்டம்.

தன் கடனை அடைக்க வழியற்றவன் நாட்டின் கடனை அடைக்க வழி கண்டிருக்கிறான். இது அவன் பேதைமையை நோக்கிய நகை. அறிவும் கைத்திறனும் எழுத்தாற்றலும் உடையோரை அடைத்து வைத்து, அவர்கள் உலையூதியும் சிறகு கட்டியும் காலம் கழிக்கச் செய்த சட்டத்தின் பேதைமையை நோக்கிய எள்ளல் அதனுள் பொதிந்துள்ளது. பழிகரப்பு அங்கதம் என்பதற்கு ஓவியத்தில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. பேராசையும் முயற்சியும் நிறைந்த அந்த அறையில், விற்பனையாகாத ஏட்டுக்கட்டுகளுடன் அமர்ந்திருந்த இலத்தீன் ஆசிரியர் ஒருவரின் நிழலும் படிந்திருக்கிறது என்று கருதுவது பிழையாகாது.

எட்டாம் படம் பெத்லம் மனநோயகம். சிறையிலிருந்து டாம் சென்றடைந்த இடம் அது. 1763இல் ஹோகார்த் இப்படத்தகட்டைத் திருத்தியபோது, மனநோயகத்தின் சுவரில் பிரித்தானியத் தாயின் உருவம் பொறித்த காசு ஒன்றைச் சேர்த்தார். கடன்பட்ட தனிமனிதனின் கதை, கடன்பட்ட நாட்டின் கதையாகவும் விரிந்தது.

கலைஞனின் சொத்து

புத்தக வணிகர் கையில் தந்தை பட்ட பாட்டை ஹோகார்த் மறக்கவில்லை. அச்சுப்பட வணிகர்கள் ஓவியரின் படங்களைக் களவாக நகலெடுத்து மலிவாக விற்றனர். உழைத்தவன் கடனாளியாவான், நகலெடுத்தவன் செல்வனாவான். முந்திய தொகுதிக்கும் இக்கதியே நேர்ந்தது.

ஹோகார்த் தம்மையொத்த கலைஞர் சிலருடன் சேர்ந்து நாடாளுமன்றத்தை அணுகினார். அதன் பயனாக 1735இல் செதுக்கோவியர் உரிமைச் சட்டம் பிறந்தது. தாமே வரைந்து செதுக்கிய படங்களின்மேல் கலைஞர்க்குப் 14 ஆண்டுகள் தனியுரிமை. களவுப்படம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஷில்லிங் தண்டம். அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஊதாரியின் கதையை வெளியிடாமல் நிறுத்தி வைத்து, 1735 ஜூன் 25 அன்று வெளியிட்டார். எளியோரும் வாங்கும்பொருட்டு, தம் இசைவு பெற்ற சிறிய நகல்களைக் குறைந்த விலையில் விற்கவும் ஏற்பாடு செய்தார்.

சட்டத்தை எள்ளியவர் சட்டத்தை வெறுத்தவர் அல்லர் என்பதற்கு இச்செயல் சான்று. பட்ட கடனுக்கு உடலைப் பிணையாக்கும் சட்டம் ஒருபுறம். படைப்பின் பயனைப் படைத்தவனுக்கே உரியதாக்கும் சட்டம் மறுபுறம். கடனாளியாகாமல் கலைஞன் வாழ வழி செய்வது, கடன்சிறையின் கதவைத் திறப்பதற்கு முற்பட்ட பணி என்று அவர் கண்டார்.

மாடியறைக் கவிஞர்

கவிஞர்கள் தம் முகத்தைக் கண்டு நகைக்கவும் நாணவும் வேண்டிய படம் ஒன்றை ஹோகார்த் 1737இல் வெளியிட்டார். 'துன்புறும் கவிஞர்' என்பது அதன் பெயர். கூரையடியில் அமைந்த சிறிய மாடியறையில் கவிஞர் தலையைச் சொறிந்தவாறு சொல்லைத் தேடுகிறார். யாப்பு இலக்கண நூல் அருகே கிடக்கிறது. மனைவி அவருடைய ஒரே காற்சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை அழுகிறது. கதவருகே பால்காரி, நிலுவையைக் காட்டும் கோடுகள் கீறிய கணக்குக் கோலை நீட்டுகிறாள். அந்நேரத்தில் நாய் ஒன்று உள்ளே புகுந்து, வீட்டில் இருந்த இறைச்சியைக் கவ்விச் செல்கிறது.

முதற்பதிப்பில் கவிஞர் எழுதும் பாடலின் தலைப்பு வறுமை. சில ஆண்டுகளுக்குப் பின் திருத்தி வெளியிட்ட பதிப்பில் அத்தலைப்பைச் செல்வம் என மாற்றினார். சுவரில் பெரு நாட்டுப் பொற்சுரங்கங்களின் வரைபடத்தையும் மாட்டினார். இம்மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வறுமையில் இருப்பவன் வறுமையைப் பாடுவது துயரம். பால் கணக்குத் தீராதவன் செல்வத்தைப் பாடுவது நகை. ஒரு சொல்லை மாற்றித் துயரத்தை நகையாக்கிய நுட்பம் கவிஞர்க்குரிய நுட்பமாகும்.

இப்படத்தில் ஹோகார்த் யாரை நகைக்கிறார் என்பது எளிதில் முடிவாகாத வினா. கனவில் மூழ்கிய கவிஞரை நகைக்கிறார் என்பது வெளிப்படை. ஆனால் பார்ப்போர் கண் முடிவில் தைக்கும் ஊசியிலும் அதனை ஏந்திய மனைவியின் பொறுமையான முகத்திலும் நிலைக்கிறது. களிம்பு விற்றுக் குடும்பத்தைக் காத்த ஒரு தாயின் மகன் வரைந்த படம் இது என்பதை அறிந்தோர்க்கு, அம்முகம் கூடுதலாகப் பேசும்.

பிரபுவின் அடைமானமும் அடகுக்கடைக் கதவும்

கடன் ஏழைகளின் நோய் மட்டுமன்று என்பதை 1743க்கும் 1745க்கும் இடையில் உருவான 'நாகரிகத் திருமணம்' என்னும் ஆறு ஓவியங்கள் காட்டின. முதற்காட்சியில் வாதநோய் பிடித்த பிரபு தம் குலமரத்தைச் சுட்டிப் பெருமை பேசுகிறார். சாளரத்துக்கு வெளியே அவர் தொடங்கிய மாளிகை பணமின்றிப் பாதியில் நிற்கிறது. வணிகரின் மகளைத் தம் மகனுக்கு மணமுடிப்பதற்கு ஈடாக அவருடைய அடைமானப் பத்திரம் திரும்பி வருகிறது. மணமக்கள் ஒருவர்க்கொருவர் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கின்றனர். அடுத்த காட்சியில் வீட்டுக் கணக்கர் தீராத பற்றுச்சீட்டுகளைக் கட்டாக ஏந்திக் கைவிரித்து வெளியேறுகிறார். பிரபுக்களும் நொடிப்புச் சட்டத்துக்கு வெளியே நின்றவர்களே. ஆயினும் அவர்கள் கடனை அடைக்கப் பிள்ளைகள் இருந்தனர்.

1751இல் இவ்வாறு ஓவியங்களும் ஏலத்தில் 120 கினிகளுக்கே விலை போயின. இன்று இலண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தின் செல்வங்களுள் அவை அடங்கும். பிறர் நொடிப்பை வரைந்தவர்க்குத் தம் உழைப்பின் மதிப்பு ஏலமேடையில் வீழ்வதையும் காண நேர்ந்தது.

அதே ஆண்டில் வெளியான 'பீர்த் தெரு', 'ஜின் சந்து' என்னும் இரட்டைப் படங்களில் சட்ட நுணுக்கம் ஒன்று நகையாக மலர்ந்துள்ளது. ஜின் சந்தில் எல்லாரும் அழிய, அடகுக்கடைக்காரர் ஒருவர் கொழிக்கிறார். பீர்த் தெருவில் எல்லாரும் செழிக்க, அடகுக்கடைக்காரர் ஒருவர் நொடிக்கிறார். அவர் வீடு சரிந்து கிடக்கிறது. கதவைத் திறவாமல் சிறு துளைவழியே பீர்க் குவளையை வாங்கிக்கொள்கிறார். கடன் வழக்கில் அமீனா வீட்டின் வெளிக்கதவை உடைத்து நுழைதல் கூடாது என்பது ஆங்கிலச் சட்டம். திறந்தால் கைது, திறவாவிட்டால் தாகம். பிறர் உடைமையை ஈடாகப் பெற்று வாழ்ந்தவர், தம் உடலே ஈடாகும் அச்சத்தில் ஒரு துளைக்குப் பின் ஒளிந்துள்ளார். சட்டம் அறிந்தோர்க்கு இரட்டை நகை, அறியாதார்க்கும் குறைவில்லை.

இயற்கையின் நொடிப்பு

ஹோகார்த் தம்மை மிகைச்சித்திரக்காரர் என்று அழைப்பதை விரும்பவில்லை. முகத்தைக் கோணலாக்குவது எளிது. குணத்தை முகத்தில் காட்டுவது அரிது என்பது அவர் கொள்கை. 1743இல் இதற்கென ஒரு படமே வெளியிட்டார். 1758இல் வெளியான 'நீதிபதிகள் இருக்கை' என்னும் படத்தில் அக்கருத்தை மீண்டும் வலியுறுத்தினார். கனத்த அங்கியும் பொய்முடியும் தரித்த நீதிபதிகளுள் சிலர் உறங்குகின்றனர். அவர்கள் வீற்றிருக்கும் பொதுவழக்கு மன்றம், கடன்பட்டோரை ஃபிளீட் சிறைக்கு அனுப்பிய மன்றங்களுள் ஒன்று.

1757இல் அரசரின் ஓவிய அலுவலர் பதவி கிடைத்தது. ஆனால் இறுதி ஆண்டுகள் இனிமையாக அமையவில்லை. அரசியல் படம் ஒன்று 1762இல் பழைய நண்பர்களைப் பகைவராக்கியது. உடல் நலிந்தது. 1764இல் தம் படத்தொகுதிகளின் இறுதியில் சேர்ப்பதற்கென ஒரு படம் செதுக்கினார். அதுவே அவர் வெளியிட்ட கடைசிப் படம்.

அதில் காலன் அல்லன், காலமே இறந்துகொண்டிருக்கிறது. சிறகுடைய முதியவனாகிய காலத்தின் அரிவாளும் நாழிகைக் கண்ணாடியும் உடைந்து கிடக்கின்றன. சுற்றிலும் தேய்ந்த துடைப்பம், விரிசல் கண்ட மணி, முறிந்த வண்ணத்தட்டு, நாண் அறுந்த வில், வெறுமையான பணப்பை. வானில் கதிரவனின் தேர் சரிகிறது. கடலில் கப்பல் அமிழ்கிறது. தூக்குமரம் தொலைவில் நிற்கிறது. இறக்கும் காலம் தன் உடைமை அனைத்தையும், அணு ஒன்றும் எஞ்சாமல், குழப்பத்துக்கு எழுதி வைத்து, அக்குழப்பத்தையே உயில் நிறைவேற்றுநராக நியமித்துள்ளது. அருகே மற்றோர் ஆவணம் கிடக்கிறது. அது இயற்கையின்மேல் பிறப்பிக்கப்பட்ட நொடிப்பு ஆணை. நாட்டின் பேரிலச்சினை இருக்க வேண்டிய இடத்தில், வெளிறிய குதிரைமேல் வரும் மரணத்தின் முத்திரை பதிந்துள்ளது.

இருண்ட பழம்படங்களை உயர்ந்த கலையென விற்ற வணிகரை எள்ளுவது அப்படத்தின் வெளிப்படை நோக்கம். உள்ளே பொதிந்தது வேறு. கடனுக்காகத் தந்தையைச் சிறையில் கண்ட சிறுவன், அறுபத்தாறாம் வயதில், படைப்பு முழுவதையும் நொடிப்பு ஆணையர் முன் நிறுத்துகிறான். நொடித்தவன் என்னும் பெயரால் மனிதரைப் பழிக்கும் உலகுக்கு, நொடிக்காதது எதுவுமில்லை என்று விடை கூறுகிறான். எல்லாரும் நொடித்தவரே என்றால், யார் யாரைச் சிறையில் அடைப்பது? சட்டத்தின் மொழியையும் முத்திரையையும் கடன் வாங்கிச் சட்டத்தையே நகைத்த உச்சம் இது. முறிந்த வண்ணத்தட்டை அக்குவியலில் சேர்த்ததன் மூலம் தம்மையும் அந்நகையிலிருந்து அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

1764 அக்டோபர் 25ஆம் நாள் இரவு, லெஸ்டர் ஃபீல்ட்ஸ் இல்லத்தில் ஹோகார்த் காலமானார். முந்திய நாள்வரை நீதிபதிகளின் படத்தகட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். சிசிக் ஊரின் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சிய சொத்து

அவர் பெருஞ்செல்வம் விட்டுச் செல்லவில்லை. செப்புத்தகடுகளே மனைவி ஜேனின் வாழ்வாதாரம் ஆயின. 1767இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கணவரின் படங்களின்மேல் அவர்க்கு 20 ஆண்டுகள் தனியுரிமை வழங்கியது. அது முடிந்தபின் 1787இல் அரச கலைக்கழகம் ஆண்டுக்கு 40 பவுன் உதவித்தொகை அளித்தது. 1789இல் அவர் மறையும்வரை கடன்சிறையின் நிழல் அவ்வீட்டில் படியவில்லை. கணவர் போராடிப் பெற்ற உரிமையின் பயன் அது.

சட்டம் மெல்லவே மாறியது. நொடித்த வணிகர்க்குரிய தூக்குத்தண்டனை 1820இல் நீங்கியது. ஃபிளீட் சிறை 1842இல் மூடப்பட்டுச் சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. வணிகர் அல்லாதார்க்கும் நொடிப்புச் சட்டத்தின் வாயில் 1861இல் திறந்தது. கடனுக்காகச் சிறையிடும் வழக்கம் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் ஒழிந்தது. இலத்தீன் ஆசிரியர் ரிச்சர்டு ஹோகார்த்துக்கு இம்மாற்றங்கள் ஒன்றரை நூற்றாண்டு தாமதமாக வந்தன.

இம்மாற்றங்களை ஓவியம் நிகழ்த்தியது என்று கூறுதல் மிகையாகும். ஆனால் கடன்பட்டவனைக் குற்றவாளியாக மட்டுமே கண்ட சமுதாயத்துக்கு, அவன் அறையினுள்ளே நடப்பதை ஓவியம் காட்டியது. ஊதாரியின் கதைக்குரிய எட்டு வண்ண ஓவியங்களை 1802இல் கட்டடக்கலைஞர் ஜான் சோன் வாங்கினார். இலண்டனில் அவர் பெயரால் விளங்கும் அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. அங்கே ஏழாம் ஓவியத்தில் தாடி வளர்ந்த கைதியின் கையிலிருந்து நாட்டின் கடனை அடைக்கும் திட்டம் நழுவிக்கொண்டே இருக்கிறது. கட்டிலின்மேல் சிறகுகள் காத்துக் கிடக்கின்றன.